தீராத வயிற்றுவலி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பேருந்து மூச்சு வாங்கி நிற்கும் இடம் பர்லியார். பருவத்தில் போனால் மங்குஸ்தானும் துரியனும் குவிந்த பழக்கடைகள், குரங்குக்குப் பயந்து பையை இறுக்கிப் பிடித்தபடி டீ குடிக்கும் பயணிகள், ஒரு சோதனைச் சாவடி. குரும்பாடி போன்ற பழங்குடிச் சிற்றூர்கள் இந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கின்றன. பேருந்து ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அவை படுவதில்லை.

நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில்தான் இந்த மாதிரி ஊர்கள் தலைகாட்டும், அதுவும் நான்கே வரியில். கூலித் தொழிலாளி, வயது இன்னது, தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார், மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார், போலீசார் விசாரணை. தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் இந்த வரிகள் மனப்பாடம். இத்தனை ஆண்டுகளாக இத்தனை பேருக்கு ஒரே வயிற்றுவலி வந்திருந்தால், அதற்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் கட்டியிருக்க வேண்டும்.

அந்த வார்த்தைக்கு ஒரு காரணம் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவுப்படி தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது. பிழைத்தவர் மீது வழக்கு. இறந்துவிட்டால் ‘யார் தூண்டியது’ என்று குடும்பத்தைச் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி. வீட்டில் நடந்த சண்டையையோ, தோட்டத்தில் பட்ட அவமானத்தையோ, கடன்காரன் வாசலில் நின்று பேசியதையோ யார் வாய்திறந்து சொல்வார்கள்? வயிற்றுவலி யாரையும் காட்டிக்கொடுக்காது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 இல்லை; அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் செய்யும் முயற்சி மட்டும் இன்னும் குற்றம். சட்டம் நகர்ந்துவிட்டது. வயிற்றுவலி அதே இடத்தில் இருக்கிறது.

உடலை அறுத்துப் பார்க்கும் பிரேதப் பரிசோதனை எப்படி இறந்தார் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. 1950-களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் மரண விசாரணை அதிகாரி தியோடர் கர்ஃபி, காரணம் விளங்காத சாவுகளை எட்வின் ஷ்னைட்மன் குழுவிடம் அனுப்பினார். அவர்கள் வீடு வீடாகப் போய், இறந்தவரின் கடைசி நாட்களை உறவினர், நண்பர்கள் வாயால் கேட்டு அடுக்கினார்கள். உளவியல் பிரேதப் பரிசோதனை என்று அதற்குப் பெயர் வந்தது. தடயவியல் உளவியலின் முக்கியக் கருவிகளில் ஒன்று அது. சென்னையில் 1986-இல் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், தற்கொலையால் இறந்த 100 பேரையும் அவர்களோடு ஒப்பிட 100 பேரையும் எடுத்து இதே முறையில் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார். மனநோய், குடும்பத்தில் முன்பு இருந்த மனநோய், சமீபத்தில் விழுந்த அடிகள் ஆகியவை அதில் தெரிந்தன. நகரத்தில் இது முடிந்தது. மலைச்சரிவில் நான்கு வரிதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு கண்டுபிடிப்பு. பிரிட்டனின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தின் கேரன் ஸ்லேட், சிறைகளில் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்பவர்களையும் பிறரைத் தாக்குபவர்களையும் ஆராய்ந்தவர். இவர்கள் எப்போதும் வேறு வேறு ஆட்கள் அல்ல. இரண்டையும் செய்யும் ஒரு கூட்டம் இருக்கிறது. அதை ‘இரட்டைத் தீங்கு’ என்கிறார்கள். ஆனால் சிறை அவர்களை இரண்டு கோப்புகளாகப் பிரித்து வைக்கிறது. ஒன்றில் பரிதாபத்துக்குரியவர், மற்றொன்றில் அடக்கப்பட வேண்டியவர்.

நம் காவல் நிலையத்திலும் அப்படித்தானே? குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனை அடித்தால் ஒரு வழக்கு. அதே ஆள் தன் உயிரையே மாய்த்துக்கொண்டால் சந்தேக மரணம், வேறு பிரிவு, வேறு தாள். ஒரே கோபம் இரண்டு முறை வெளியே வந்திருக்கிறது என்று இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆளில்லை. அல்ஜீரியாவில் மனநல மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் ஃபனான் 1961-லேயே சொன்னார்: ஒடுக்கப்பட்டவனின் கோபம் மேலே போக வழியில்லாதபோது முதலில் பக்கத்தில் இருப்பவன்மேல் பாயும். மேஸ்திரியிடம் திருப்பிப் பேச முடியாதவன் வீட்டுக்கு வந்து யாரிடம் பேசுவான்?

விளிம்பில் இருப்பவர்களின் வன்முறை என்று பேச ஆரம்பித்தாலே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. பர்லியார் பழத்தோட்டம் அரசு வசம் வந்தது 1871-இல். அதே ஆண்டில்தான் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் போட்டது. பிறப்பாலேயே சிலர் குற்றவாளிகள் என்றது அது. நீலகிரியில் கதை வேறு மாதிரி ஓடியது. இங்கே குறும்பர் பழங்குடியினர் செய்வினைக்காரர்கள் என்று அஞ்சப்பட்டார்கள். நோய் வந்தால், மாடு செத்தால், பழி அவர்கள்மேல். 1835-இல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டதாக ஆங்கிலேயர் காலப் பதிவு சொல்கிறது. ஆபத்தானவர் என்று பெயர் வாங்கியவர்தான் செத்தார்.

தேயிலைத் தோட்டத்துக்கு வருவோம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழர்கள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. கண்டிச் சீமையில் பிறந்து வளர்ந்தவர்கள் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் காடு திருத்தி அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன, பிறகு அவை ‘டான்டீ’ கழகமாயின. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். எந்தப் பக்கமும் சொந்தப் பெயர் கிடைக்காத ஒரு தலைமுறை லைன் வீடுகளில் வளர்ந்தது.

அவர்கள் விட்டுவந்த தீவில் 1995-இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47, உலகின் உச்சங்களில் ஒன்று. மாதம்பையில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டாம் விட்ஜர், அங்கே பல முயற்சிகள் சாகும் விருப்பத்தைவிட உறவுக்குள் எழுந்த கோபத்தின், முறையீட்டின் வடிவமாக இருந்ததைக் கண்டார். கேட்க ஆளில்லாதவரின் புகார் மனு அது. கோபம் தணியச் சில மணி நேரம் போதும். கையெட்டும் இடத்தில் கொடிய பூச்சிக்கொல்லி இருந்தால் அந்தச் சில மணி நேரம் கிடைப்பதில்லை. இலங்கை அரசு மிகக் கொடியவற்றை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 20 ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. 93,000 உயிர்கள் தப்பியதாக மதிப்பீடு. அவர்கள் எல்லோருடைய மனமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. எட்டும் தூரம்தான் மாறியது.

நம் ஊரில் பூச்சிக்கொல்லிக்குப் பெயரே ‘மருந்து’. செடிக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 தற்கொலைகள், மாநிலங்களில் இரண்டாம் இடம். நாடு முழுக்க இறந்த 1,70,924 பேரில் நூற்றுக்கு 26 பேர் தினக்கூலிகள். தொழில், படிப்பு, திருமண நிலை என்று அட்டவணைகள் நீள்கின்றன. இறந்தவர் குறும்பரா, பணியரா, தாயகம் திரும்பியவரா என்று அதில் தேடிப் பயனில்லை.

செய்யக்கூடியதைச் செய்து காட்டியும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உள்ள இலங்கை அகதிகள் முகாம் ஒன்றில், அங்கேயே வசிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களை அடிக்கடி போய்ப் பார்க்கவும், மனம் கொதிக்கும் நேரத்தில் யாரைத் தேடிப் போவது என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் ஏற்பாடு செய்தது டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு. முயற்சிகள் குறைந்தன. வெளியிலிருந்து பேச வேண்டுமானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் தமிழக அரசின் 104-உம் இரவு பகலாக இருக்கின்றன. ஆனால் மலையில் சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடி ஏற வேண்டிய வீடுகளுக்கு, பக்கத்து லைனில் இருக்கும் அந்த அக்காதான் முதல் எண்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் அதே குழு இன்னும் எளிய ஒன்றைச் செய்தது. வீட்டுப் பரணில் இருந்த பூச்சிமருந்தை ஊர்ப் பொது அறை ஒன்றுக்குக் கொண்டுவந்து, வங்கி லாக்கர் போல விவசாயிக்கு ஒரு பெட்டி கொடுத்துப் பூட்டி வைத்தார்கள். தேவைப்பட்டால் வீட்டிலிருந்து கிளம்பி நடந்து வர வேண்டும், வழியில் நாலு பேர் ‘எங்கப்பா இந்த நேரத்துல’ என்று கேட்பார்கள், அறைக்காரரிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டும், அதன் பிறகுதான் பெட்டி திறக்கும்.