வாயில்லா ஜீவனும் வளரும் தொழிலும்

செல்லப்பிராணிகளைக் குளிப்பாட்டி, ரோமம் திருத்தி, நகம் வெட்டிவிடும் நிலையங்கள் இன்று நகரங்களில் சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. கால்நடை மருத்துவராகிய என்னிடம், அத்தகைய நிலையம் தொடங்க விரும்பும் இளைஞர்கள் அவ்வப்போது யோசனை கேட்டு வருகிறார்கள். எவ்வளவு முதலீடு தேவை, எந்தக் கருவி நல்லது, எங்கே கடை பிடிக்கலாம் என்பவையே அவர்களின் கேள்விகள். எங்கே கற்றுக்கொள்ளலாம் என்று கேட்பவர் அரிது. இத்தொழிலின் வெற்றியும் தோல்வியும் அந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன.

முதலீடு பெரிய தடையல்ல. உறுதியான மேஜை, குளியல் தொட்டி, ரோமம் வெட்டும் இயந்திரம், உலர்த்தி, சீப்புகள், தட்டுப்பாடில்லாத தண்ணீர் ஆகியவை இருந்தால் சிறிய அறையிலேயே தொடங்கிவிடலாம். முத்ரா திட்டத்தில் பிணையின்றி, 'சிசு' பிரிவில் ரூ.50 ஆயிரம் வரையிலும், 'கிஷோர்' பிரிவில் ரூ.5 லட்சம் வரையிலும் கடன் பெற வழியுண்டு. உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

வருமானக் கணக்கில்தான் பலர் இடறுகிறார்கள். நீண்ட ரோமமுள்ள ஷிட்சூ போன்ற நாய்க்குச் சிக்கெடுத்து, குளிப்பாட்டி, உலர்த்தி, ரோமம் திருத்தி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகிவிடும். எட்டு மணி நேரம் உழைக்கும் ஒருவர் அத்தகைய நாய்கள் நான்குக்கு மேல் கவனிக்க இயலாது. வாடகையும் மின்கட்டணமும் உழைப்புக்கான கூலியும் அந்த நான்கில் அடங்க வேண்டும். அடங்காதபோது ஐந்தாவது நாயையும் ஏற்கத் தோன்றும். நேரத்தை மிச்சப்படுத்த உலர்த்தியின் சூட்டைக் கூட்டத் தோன்றும். ஆபத்து தொடங்கும் இடம் அதுவே.

நம்மைப்போல நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாய் திறந்து மூச்சிரைத்தே அது உடலின் வெப்பத்தைப் பெரிதும் வெளியேற்றுகிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த மூச்சுப் பாதையே குறுகலானது. கூண்டில் அடைத்துச் சூடான காற்றைச் செலுத்தினால் அவற்றின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். கோடைப் பிற்பகல் ஒன்றில் அவ்வாறு மயங்கிய நிலையில் என்னிடம் கொண்டுவரப்பட்ட பக் ஒன்று பிழைக்கவில்லை. அதை உலர்த்திய இளைஞரிடம் கொடுமை ஏதும் இல்லை. அறியாமை மட்டுமே இருந்தது.

கற்க வேண்டியவை இன்னும் உண்டு. பொமரேனியன், ஹஸ்கி போன்றவற்றின் இரட்டை ரோமப் போர்வை குளிரை மட்டுமன்றி வெயிலையும் தடுக்கிறது. வெயில் காலம் என்று அதை மழித்துவிட்டால், பழையபடி வளராமலும் போகலாம். நகத்தின் உள்ளே ரத்தக்குழாய் ஓடுகிறது. கறுப்பு நகத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. மனிதர்களுக்கான ஷாம்பு நாயின் தோலுக்கு ஒவ்வாது. நாய்களின் உண்ணியை ஒழிக்கப் பயன்படும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு.

இவற்றை அறிந்திருக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துகிறதா? இல்லை. 2017-ஆம் ஆண்டின் விதிகள் நாய் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும், 2018-ஆம் ஆண்டின் விதிகள் செல்லப்பிராணி விற்கும் கடைகளையும் ஒழுங்குபடுத்துகின்றன. குளிப்பாட்டி ரோமம் திருத்துவதோடு நிற்கும் நிலையம் இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கிறது. எஞ்சியிருப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு முறை குளிப்பாட்டக் கேட்கும் கட்டணம்கூட அதைவிட அதிகம்.

சட்டம் கேட்காததைத் தொழில்முனைவோர் தாமாகவே மேற்கொள்ள வேண்டும். அனுபவசாலி ஒருவரிடம் சில மாதங்களாவது கைப்பழக்கம் பெற வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இல்லாத பிராணியை மேஜையில் ஏற்றக் கூடாது. பணியாளர்களும் முன்கூட்டியே அத்தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது. பிராணியின் வயது, நோய், கடிக்கும் பழக்கம் ஆகியவற்றை முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மூச்சிரைப்பு மிகுந்தால் வேலையைப் பாதியில் நிறுத்தத் தயங்கக் கூடாது. உரிமையாளர் காணுமாறு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே பணி நடந்தால், அதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை.

அரசும் ஒன்று செய்யலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் திறன் மேம்பாட்டுக் கழகமும் இணைந்து, இத்தொழிலுக்கென ஒரு குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சியை மாவட்டந்தோறும் நடத்தலாம். உள்ளாட்சி அமைப்புகள் தொழில் உரிமம் வழங்கும்போது அச்சான்றிதழைக் கேட்கலாம். இதனால் தொழில் முடங்கிவிடாது. மக்களின் நம்பிக்கையைப் பெற்று மேலும் வளரும்.

தேர்ந்த கை, காதுக்குள் புண்ணையும் தோலுக்கடியில் கட்டியையும் உரிமையாளருக்கு முன்பே தொட்டு உணர்ந்துவிடும். உரிய நேரத்தில் மருத்துவரிடம் அனுப்பினால் ஓர் உயிர் பிழைக்கும். வலிக்கிறது என்று சொல்ல வாயில்லாத ஜீவனிடம் தொழில் செய்பவருக்குக் கற்ற கையே முதல் மூலதனம்.