கணினிக்குள் ஒரு முகவரி



சென்ற பருவத்தில் ஒரு நாள் காலை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் பயிலும் இளைய மாணவி ஒருவர் வாடிய முகத்துடன் வந்தார். "அண்ணா, உங்கள் நிரல் ஒன்றும் எழுதவில்லை. கோப்பே இல்லை என்று உலாவி சொல்கிறது" என்றார். வெப்பநிலை குறையக் குறைய ஒரு குறைகடத்தியின் மின்தடை எவ்வாறு மாறுகிறது என்பதை இரவெல்லாம் கண்விழித்து அளந்தவர் அவர். அந்த அளவீடுகளைத் தொகுத்து, வரைபடத்துடன் ஒரு வலைப்பக்கமாக்கி, உலாவியில் திறந்து காட்டும் சிறு நிரலை எழுதியவன் நான். கோப்பு இல்லை என்று கண்டதும் அவர் சோர்ந்துபோய்க் கணினியை அணைத்துவிட்டார்.

உண்மை என்ன தெரியுமா? கோப்பு அங்கேயேதான் இருந்தது. கணினி மீண்டும் இயங்கத் தொடங்கியபோதுதான் அழிந்தது. ஓர் இரவின் உழைப்பு என் அறியாமையால் வீணாயிற்று.

இணையமே வேண்டாமல், தன் கணினியிலுள்ள பக்கம் ஒன்றை உலாவியில் திறப்பது எளிய செயல்தானே என்று எண்ணியிருந்தேன். அதில் அடங்கியுள்ள படிகளை இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நம்மிடையே நிரல் எழுதுவோர் பலர் உளர். நான் பட்டது அவர்களுக்கு வேண்டாம்.

முதலில், பக்கத்தைத் திறப்பது யார்? நம் நிரல் அன்று. அது ஒரு முகவரியை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது, அவ்வளவே. கணினிக்கு உரியவர் எந்த உலாவியை முதன்மையாகக் குறித்து வைத்திருக்கிறாரோ, அதனை இயங்குதளம் எழுப்பி முகவரியைக் கொடுக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இதற்கென ஒரு தனி வழி உண்டு. பைதான் மொழியில் உள்ள 'வெப்பிரவுசர்' என்னும் தொகுதி இவ்வேறுபாடுகளைத் தானே கவனித்துக்கொள்கிறது. ஆகவே குரோம் என்றோ ஃபயர்பாக்ஸ் என்றோ ஓர் உலாவியின் பெயரை நிரலில் எழுதி வைப்பது தவறு. அது இல்லாத கணினியில் நிரல் நின்றுவிடும். மற்றொன்றும் நினைவில் வேண்டும். 'ஆயிற்று' என்று அத்தொகுதி விடை சொன்னால், உலாவி எழுப்பப்பட்டது என்பதுதான் பொருள். பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது என்பது பொருளன்று.

அடுத்தது முகவரி எழுதும் முறை. இங்கிருந்து ஊருக்குக் கடிதம் எழுதும்போது முகவரியைத் தமிழில் மட்டும் எழுதினால், இவ்வூர் அஞ்சலகத்தில் கடிதம் பிரிப்பவர் திகைப்பார் அல்லவா? உலாவியிடம் கொடுக்கும் முகவரியும் அத்தகையதே. கோப்பின் பெயரை அப்படியே கொடுத்தால் சில கணினிகளில் திறக்கும், சிலவற்றில் திறக்காது. 'ஃபைல்' என்னும் சொல், ஒரு முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடுகள், பின்னர் முழுப் பாதை என்று முறையாக எழுத வேண்டும். பெயரில் இடைவெளி இருந்தால் அது %20 என்று மாறவேண்டும். # என்ற குறி இருந்தால் இன்னும் தொல்லை. அதற்குப் பின் வருவதைப் பக்கத்தினுள் ஓர் இடம் என்று உலாவி கருதிவிடும்; கோப்பின் பெயர் பாதியில் அறுந்துபோகும். 'தமிழ்' என்று ஒரு கோப்புறைக்குப் பெயரிட்டால், அச்சிறு சொல் முகவரியில் 45 குறிகளாக விரிகிறது! இதனைக் கையால் எழுத முயல வேண்டா. பைதானின் 'பாத்லிப்' தொகுதி, முழுப் பாதையைக் கொடுத்தால் முறையான முகவரியாக மாற்றித் தரும்.

என் நிரலில் முகவரி பிழையின்றி இருந்தது. பிழை மூன்றாவது படியில் நேர்ந்தது. உலாவியால் அந்த இடத்தைக் காண முடிகிறதா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை.

நான் பக்கத்தையும் அளவீடுகளையும் லினக்ஸின் தற்காலிகக் கோப்புறையில் எழுதியிருந்தேன். என் கணினியில் எல்லாம் நன்றாக நடந்தது. ஆய்வுக்கூடத்துக் கணினியிலோ 2022-இல் வெளிவந்த உபுண்டு 22.04 இருந்தது. அதில் ஃபயர்பாக்ஸ் 'ஸ்னாப்' என்னும் பொதியாக வருகிறது. விடுதிக்கு வரும் விருந்தினரைக் கூடத்தில் அமர்த்தி, அறைகளுக்குள் விடாத காவலரைப் போன்றது அந்தப் பொதியின் கட்டுப்பாடு. அதற்குள் இயங்கும் உலாவிக்குத் தனியாக ஒரு தற்காலிகக் கோப்புறை தரப்படுகிறது. நாம் எழுதியது ஓரிடம். அது தேடியது வேறிடம். 'கோப்பு இல்லை' என்று அது சொன்னது பொய்யன்று. அதன் கண்ணுக்கு எட்டிய வரையில் அதுவே உண்மை! பொதுவான தற்காலிகக் கோப்புறையோ, கணினி மீண்டும் தொடங்கும்போது துடைக்கப்படுகிறது. எஞ்சியதை அது முடித்துவிட்டது.

புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைவான கோப்புறைகளையும் இப்பொதி காண்பதில்லை. நம்மில் பலர் பயன்படுத்தும் ஜூபிட்டர் நோட்புக்கும் இதனால் இடறியதுண்டு. நுழைவுக்கான மறைசொல் பிறர் கண்ணில் படாதிருக்க, 5.7.2-க்குப் பின்வந்த பதிப்புகளில் அது ஒரு சிறு பக்கத்தை எழுதி, அதன் வழியாகவே உலாவியை அழைக்கிறது. அப்பக்கம் மறைவான கோப்புறையில் இருப்பதால் ஸ்னாப் உலாவி அதனைத் திறக்க மறுக்கிறது. அப்போது அஞ்ச வேண்டா. முனையத்தில் தெரியும் முகவரியைப் படியெடுத்து உலாவியில் இட்டால் போதும்.

நான்காவதாக ஒன்று. பக்கம் திறந்தும் வரைபடம் வெறுமையாக இருக்கலாம். பக்கம் ஒரு கோப்பிலும் அளவீடுகள் வேறு கோப்பிலும் இருந்தால், ஒன்று மற்றதைப் படிக்க உலாவி விடுவதில்லை. முன்பு ஃபயர்பாக்ஸ் ஒரே கோப்புறையில் உள்ளவற்றுக்கு இடந்தந்தது. 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பு அதனையும் நிறுத்தியது. இறக்கி வைத்த தீய பக்கம் ஒன்று, அருகிலுள்ள நம் கோப்புகளைத் திருடிவிடக் கூடும் அன்றோ? அளவீடுகளைப் பக்கத்தினுள்ளேயே எழுதிவிடுவது எளிய வழி. அளவீடு பெரிதாயின், பைதானுடன் வரும் சிறு வழங்கியை இயக்கலாம். ஆனால் 127.0.0.1 என்ற எண்ணுடன் அதனைக் கட்டிவிட மறவாதீர். மறந்தால், வலையமைப்பில் உள்ள பிறரும் நம் கோப்புறையைப் படிக்க வழியுண்டு.

இப்போது என் நிரலைத் திருத்திவிட்டேன். அளவீடுகள் எடுக்கும்போதே, பயனரின் சொந்தக் கோப்புறையில் நாளிட்டு எழுதப்படுகின்றன. உலாவியை அழைக்கும் முன், "உங்கள் கோப்பு இங்கே இருக்கிறது, உலாவி திறக்காவிடினும் கோப்பு பத்திரமாக உள்ளது" என்று முழுப் பாதையுடன் திரையில் ஒரு வரி தோன்றுகிறது. எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாத வரி அது. அன்று அது இருந்திருந்தால் அந்த மாணவி கணினியை அணைத்திருக்க மாட்டார்.

அளவீட்டை அவர் மீண்டும் எடுத்தார். அன்றிரவு நானும் உடனிருந்தேன். "அண்ணா, இந்த முறை எங்கே எழுதுகிறது?" என்று தொடங்கும் முன்னரே கேட்டார். நண்பர்களே, பிறருக்காக நிரல் எழுதும் நாம், அவர்கள் கேட்கும் முன்னரே அவ்விடையைச் சொல்லிவிட வேண்டும். நம் கணினியில் ஓடியது என்பது போதாது; பிறர் கணினியில் ஓடாதபோது அது என்ன சொல்கிறது என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக!