16 புள்ளி, 16 வரிசையில் ஒரு மான்ஸ்டர்: வாட்ச்சுக்குள் சண்டை கேம் உருவாவது எப்படி?

கையில கட்டியிருக்கும் வாட்ச்சில் ஒரு குட்டி மான்ஸ்டரை வளர்த்து, நண்பரின் வாட்ச்சில் இருக்கும் மான்ஸ்டரோடு மோதவிட முடியுமா? முடியும். சாவிக்கொத்து சைஸ் கருவியில் 1997-லேயே செய்துவிட்டார்கள். ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த ‘தமகோச்சி’யில் பிராணிக்குச் சோறு போட்டு வளர்க்கலாம், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு வந்த ‘டிஜிட்டல் மான்ஸ்டர்’ கருவியில், இரண்டு கருவிகளின் உலோக முனைகளை ஒட்டவைத்தால் சண்டை ஆரம்பம். ‘டிஜிமான்’ கார்ட்டூன் பிறந்தது இதிலிருந்துதான்.

அந்தத் திரை அகலத்தில் 32, உயரத்தில் 16 புள்ளி. ஒரு மான்ஸ்டருக்கு 16 புள்ளி, 16 வரிசை. மார்கழி வாசல் கோலக் கணக்கேதான்! மொத்தம் 256 புள்ளி. ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது காலி. நினைவகத்தில் இதற்கு வெறும் 32 பைட் போதும். ஃபேமிலி குரூப்பில் தினமும் வந்து விழும் 100 கேபி ‘குட் மார்னிங்’ படத்தின் இடத்தில் 3,000 மான்ஸ்டர்களுக்கு மேல் குடிவைக்கலாம்.

கஷ்டம் வரைவதில்தான். இலுப்பூர் பக்கத்து விராலிமலை மயிலை மான்ஸ்டராக்கிப் பாருங்கள். தோகையை விரித்தால் 16 புள்ளிக்குள் உடம்புக்கு இடமில்லை, பனையோலை விசிறி மாதிரி ஆகிவிடும். தோகையை விட்டுவிட்டு கழுத்தையும் கொண்டையையும் பெருசாக்கினால்தான் ‘அட, மயில்!’ என்று தெரியும்.

சண்டை ஏன் மாறி மாறி நடக்கிறது?

பேட்டரிதான் காரணம். போனில் 5,000 எம்ஏஎச் பேட்டரி சாதாரணம், ‘பேங்கிள்.ஜேஎஸ் 2’ வாட்ச்சில் இருப்பது 200. திரை ஓயாமல் அசைந்தால் சார்ஜ் காலி. நீ ஒரு அடி, நான் ஒரு அடி என்று வைத்தால், விரல் பட்டபோது மட்டும் சிப் விழித்துக்கொண்டால் போதும். மீதி நேரம் தூக்கம்.

கணக்கும் சின்னதுதான். தாக்குபவரின் பலத்திலிருந்து எதிராளியின் தடுப்பைக் கழித்து, கொஞ்சம் அதிர்ஷ்டம் சேர்க்க வேண்டும். நெருப்பை நீர் அணைக்கும், நீரை மரம் உறிஞ்சும், மரத்தை நெருப்பு எரிக்கும் என்றொரு சுற்று வைத்தால் யாருமே எப்போதும் ஜெயிக்க முடியாது.

பலரும் சறுக்கும் இடம் அந்த ‘அதிர்ஷ்டம்’. இரண்டு வாட்ச்சும் தனித்தனியாகப் பகடை உருட்டினால், இரண்டிலுமே ‘நீங்கள் வென்றீர்கள்’ என்று வரும். அப்புறம் நிஜச் சண்டைதான். அதனால் ஒரு வாட்ச் ஓர் எண்ணை முடிவுசெய்து ப்ளூடூத்தில் அனுப்ப, இரண்டும் அதை விதையாக வைத்து ஒரே வரிசையில் பகடை எண்களை உருவாக்க வேண்டும். ப்ளூடூத் அறிவிப்புச் செய்தி ஒன்றில் 31 பைட் வரை போகும். மான்ஸ்டர் எண், லெவல், உயிர், பலம், விதை எல்லாம் பத்துப் பன்னிரண்டு பைட்டில் அடங்கிவிடும்.

இலுப்பூரில் இருந்தே செய்யலாமா?

தாராளமா. பேங்கிள்.ஜேஎஸ் 2 ஜாவாஸ்கிரிப்டில் இயங்குகிறது. 176க்கு 176 புள்ளித் திரை, 256 கேபி ரேம். வாட்ச் வாங்காமலே குரோம் பிரவுசரில் அதன் எமுலேட்டரைத் திறந்து கேமை ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு வாட்ச் மோதலைச் சோதிக்க மட்டும் நிஜக் கருவி வேண்டும்.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை: பிகாச்சுவைக் காப்பியடிக்காதீர்கள், உருவத்துக்குப் பதிப்புரிமை உண்டு. விளையாட்டு நுணுக்கங்களுக்கும் சில நாடுகளில் காப்புரிமை வாங்குகிறார்கள். ‘பால்வேர்ல்டு’ கேமை உருவாக்கிய பாக்கெட்பேர் மீது நின்டெண்டோவும் போகிமான் நிறுவனமும் 2024 செப்டம்பரில் டோக்கியோவில் போட்டது அப்படியொரு காப்புரிமை வழக்கு. விராலிமலை மயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.