பைத்தானுக்குள் ஓடும் இன்னொரு மொழி

நண்பரின் விண்டோஸ் மடிக்கணினியில் சட்டென்று திறந்த கால்குலேட்டர் நிரல், உங்கள் உபுண்டுவில் திறக்க மறுக்கிறது. டிகின்டர் என்ற தொகுதியைக் காணவில்லை என்கிறது பிழைச்செய்தி. பிப் மூலம் நிறுவப் பார்த்தாலும் பலனில்லை. பைத்தானோடு சேர்ந்தே வரும் என்று பாடத்தில் படித்த தொகுதி எங்கே போயிற்று?

இதற்கு விடை பைத்தானுக்கு வெளியே இருக்கிறது. டிகின்டர் நிரலில் பொத்தானையும் பெட்டியையும் திரையில் வரைவது பைத்தான் அல்ல. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஔஸ்டர்ஹவுட் 1980-களின் இறுதியில் டிக்கிள் என்ற சிறு மொழியை உருவாக்கினார். அதற்கென்றே பிறந்த வரைகலைக் கருவித்தொகுப்புதான் டிகே. டிகின்டர் அந்த டிகே-க்குப் போகும் வாசல். 'இங்கே ஒரு பொத்தான் வை' என்று நீங்கள் பைத்தானில் எழுதுவது டிக்கிள் கட்டளையாக மாறி, உங்கள் நிரலுக்குள்ளேயே ஓடும் டிக்கிள் இன்டர்பிரெட்டருக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு மொழியின் வயிற்றுக்குள் இன்னொரு மொழி! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புதான்.

டெபியனும் உபுண்டுவும் இந்த வாசலைத் தனிப் பொதியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. திரையே இல்லாத சர்வர்களுக்கு வரைகலை நூலகங்கள் எதற்கு? எனவே பிப்பை விட்டுவிட்டு, ஆப்ட் மூலம் 'பைத்தான்3-டிகே' என்ற பொதியை நிறுவினால் போதும். பைத்தானை நீங்களே மூலநிரலிலிருந்து தொகுத்திருந்தால் கதை வேறு: முதலில் டிகே-யின் மேம்பாட்டுக் கோப்புகளை நிறுவி, பைத்தானை மறுபடியும் தொகுக்க வேண்டும்.

தொலைவிலுள்ள சர்வரில் எஸ்எஸ்எச் வழியே நுழைந்து இயக்கும்போது வேறொரு பிழை வரும்: டிஸ்ப்ளே பெயர் இல்லை என்று. 1984-இல் எம்ஐடி-யில் தோன்றிய எக்ஸ் சாளர முறையில், திரை உள்ள கணினிதான் சர்வர். படம் வரையச் சொல்லும் நிரல் அதன் வாடிக்கையாளர். எந்தத் திரைக்குப் போவது என்ற முகவரி டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியில் இருக்கும். முகவரி இல்லாவிட்டால் டிகே யாரிடம் போய் வரையச் சொல்லும்?

பழுது எந்த அடுக்கில் என்று அறிய எளிய வழி உண்டு. கட்டளை வரியில் பைத்தானிடம் டிகின்டர் தொகுதியை மட்டும் தனியே இயக்கச் சொல்லுங்கள். டிகே-யின் பதிப்பு எண்ணோடு ஒரு குட்டிச் சாளரம் திறந்தால், பிழையை உங்கள் நிரலில் தேடுங்கள். உங்கள் கோப்புக்கே டிகின்டர் என்று பெயர் வைத்திருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். நிரல் இருக்கும் அடைவில் தேடிய பிறகுதான் பைத்தான் தன் நூலகத்துக்குப் போகும்.