நாள்காட்டியில் நிற்காத பிறந்தநாள்

ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை என்று வைணவ மரபு கூறும் ஆண்டாளின் அவதார நாள், ஆடி மாதமும் பூர நட்சத்திரமும் கூடும் நாளாகிய ஆடிப்பூரம் என்பதால், அது ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படுவதில்லை. நிலவு இருபத்தேழு நட்சத்திரங்களையும் கடந்துவர ஏறத்தாழ 27.3 நாள்களே எடுத்துக்கொள்ள, மாதமோ கதிரவனின் பெயர்ச்சியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது; இவ்விரு கணக்கும் ஒத்துப்போகாமையால் 2023இல் ஜூலை 22 அன்று வந்த ஆடிப்பூரம், 2024இல் ஆகஸ்ட் 7 அன்றும், 2025இல் ஜூலை 28 அன்றும் வந்தது. அன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் பெரிய தேரை மக்கள் வடம் பிடித்து இழுப்பர். ஆண்டாளின் இடக்கையில், மாதுளம்பூ மூக்கும் பச்சிலை உடலுமாக, நாள்தோறும் புதிதாகக் கட்டப்படும் கிளி அமர்ந்திருக்கும்.

அருகிலுள்ள இராஜபாளையம் பெற்ற பிறந்தநாளோ தேதி மாறாதது. 1898 ஜூலை 8 அன்று அங்குப் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா, 1949 ஏப்ரலில் சென்னை மாகாணப் பிரதமரானார். மாகாண அரசின் தலைவரை அந்நாளில் அவ்வாறே அழைத்தனர். 1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசானபோது, பதவி மாறாமலேயே அவர் முதலமைச்சர் ஆனார். தம் வீட்டைக் காந்தி கலைமன்றத்திற்கு வழங்கிய அவரது பிறந்தநாள், ஒரு வாரம் கழித்து வரும் விருதுநகர்க் காமராசரின் ஜூலை 15 அளவுக்குப் பேசப்படுவதில்லை என்பது சற்றே நெருடுகிறது.