வெற்றுத் தோட்டாவின் சாட்சியம்

வென்றவனும் தோற்றவனும் போர்க்கதை சொல்வர், மண்ணும் சொல்லுமோ? சொல்லும் என்பதற்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள லிட்டில் பிக்ஹோர்ன் போர்க்களமே சான்று.

1876 ஜூன் 25இல் அங்கே லகோட்டா, செயென் முதலிய பூர்வகுடி வீரர்கள், கஸ்டர் என்னும் தளபதியையும் அவருடன் நின்ற ஏறத்தாழ 210 பேரையும் அடியோடு அழித்தனர். போரிற் கண்டவற்றை அவ்வீரர்கள் பின்னர் எடுத்துரைத்தனர். ஆயினும் அவர்தம் சொல்லை நம்பப் பலர் தயங்கினர்.

1983இல் தீப்பற்றிப் புல்வெளி கருகிற்று. அடுத்த ஈராண்டுகளில் டக்ளஸ் ஸ்கொட் முதலிய தொல்லியலாளர், உலோகங்காட்டும் கருவிகளுடன் நிரைநிரையாக நடந்து, கண்ட ஒவ்வொரு பொருளின் இடத்தையும் வரைபடத்திற் குறித்தனர். சுடும்போது துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியிற் பதிக்கும் வடு, கைரேகை போன்றது. ஒரே வடு ஈரிடங்களிற் காணப்படின், ஒரே துப்பாக்கி அவ்விரு இடங்களிலும் முழங்கியதென்பது பெறப்படும். இவ்வாறு துப்பாக்கிகள் சில சென்ற வழி புலனாயிற்று. பூர்வகுடியினரிடம் ஹென்றி, வின்செஸ்டர் என்னும் தொடர்ந்து சுடவல்ல துப்பாக்கிகள் பல இருந்தமையும் தெளிவாயிற்று. அவர்தம் கூற்றுக்கள் பலவற்றிற்கு மண்ணே சாட்சியாயிற்று.

ஆயின், இடங்குறியாது எவரேனும் அத்தோட்டாவை நினைவுப் பொருளாகப் பெயர்த்தெடுத்திருப்பின், அச்சாட்சி பாதி ஊமையாகியிருக்கும். கிடந்த இடமே அதன் நாவு.