பயனர் தரவைச் சேமித்தலும் காப்புநகல் பேணலும்

முன்னுரை

பல்லாண்டு உழைப்பில் உருவாகும் ஆய்வேடோ அகராதியோ இன்று கணினியில் ஒரு கோப்பாகவே உறைகிறது. அக்கோப்பு பெரும் இடருக்கு உள்ளாகும் தருணம், அதனைப் பாதுகாக்க எண்ணிப் பயனர் ‘சேமி’ என ஆணையிடும் தருணமே ஆகும். அப்போது மென்பொருள் கைக்கொள்ள வேண்டிய முறையினை இக்கட்டுரை விளக்குகிறது.

இடரின் தன்மை

எளிய மென்பொருள்கள் பழைய கோப்பை வெறுமையாக்கி, அதன்மேல் புதிய உள்ளடக்கத்தை எழுதுகின்றன. எழுதி முடியுமுன் மின்சாரம் தடைப்பட்டாலோ வட்டில் இடம் தீர்ந்தாலோ பழையதும் எஞ்சாது; புதியதும் முழுமை பெறாது.

பாதுகாப்பான வரிசைமுறை

இதனைத் தவிர்க்க, புதிய உள்ளடக்கத்தை அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பாக முதலில் எழுதுதல் வேண்டும். அடுத்து, அது நினைவகத்தில் தேங்கி நில்லாது வட்டினைச் சென்றடைவதை ‘எஃப்சிங்க்’ என்னும் அழைப்பால் உறுதிசெய்தல் வேண்டும். அதன் பின்னரே அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டுதல் வேண்டும். போசிக்ஸ் தரநிலையைப் பின்பற்றும் இயங்குதளங்களில் இப்பெயர்மாற்றம் பகுபடாத ஒரே செயலாகும். ஆகவே, அப்பெயரில் பழைய கோப்போ புதிய கோப்போ முழுமையாகக் கிடைக்கும். இடைப்பட்ட நிலை இராது.

இரண்டாம் படியைத் தவிர்த்தால் நேர்வதை 2009இல் லினக்ஸ் பயனர்கள் கண்டனர். அக்காலத்தில் புதிதாயிருந்த எக்ஸ்ட்4 கோப்புமுறைமை, விரைவு கருதி, தரவுக்கு வட்டில் இடம் ஒதுக்குவதைத் தாழ்த்தியது. கணினி திடீரென நின்றபோது பெயர் மாறியிருந்தது. உள்ளடக்கம் வட்டினை அடைந்திருக்கவில்லை. அதனால் அமைப்புக் கோப்புகள் சில வெறுமையாய் எஞ்சின. பின்னர்க் கோப்புமுறைமையிலேயே இதற்குத் திருத்தம் சேர்க்கப்பட்டது.

காப்புநகலின் பயன்

மேற்கண்ட முறை, இடையில் அறுபட்ட சேமிப்பிலிருந்து காக்கும். பயனரின் பிழையிலிருந்து காவாது. ஓர் இயலைத் தவறுதலாக நீக்கிச் சேமித்தவர்க்கு முந்தைய வடிவமே துணையாகும். விம் தொகுப்பியின் இயல்பான அமைப்பு, எழுதி முடிந்ததும் காப்புநகலை நீக்கிவிடுகிறது. ஈமேக்ஸ் தொகுப்பியோ, திறந்த கோப்பை முதன்முறை சேமிக்கும்போது மட்டும், பழைய வடிவத்தைப் பெயரின் இறுதியில் அலைக்குறியிட்டு வைக்கிறது. ஒவ்வொரு சேமிப்பிலும் நகலைப் புதுப்பித்தால், பிழையுற்ற வடிவமே இரண்டாம் சேமிப்பில் நகலாகிவிடும். எனவே ஈமேக்ஸின் முறை பயனர்க்கு ஏற்றதாகும்.

முடிவுரை

புதியது உறுதியாகும்வரை பழையதைத் தொடாமை, நகல் உள்ள இடத்தைப் பயனர்க்கு அறிவித்தல், சேமிப்புத் தோல்வியுறின் மறையாது உரைத்தல் ஆகிய மூன்றும் மென்பொருளின் கடமைகள். எனினும், அதே வட்டிலுள்ள நகல் வட்டின் பழுதிலிருந்து காவாது. ஆதலின் வேறோரிடத்திலும் ஒரு படி வைத்தல் இன்றியமையாதது.